காக்கைக்கு வைத்த சோறு

செங்கம் சாலையில் எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு கஃபே இருக்கிறது. இன்று காலை அங்கே இட்லி சாப்பிட உட்கார்ந்தபோது, அவர்கள் வெட்டாமல் விட்டிருந்த ஒற்றை வேப்பமரத்தின் பூவாசம் என்னைப் பழைய கொல்லைப்புறத்துக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது.

சித்திரை பிறந்தால் அந்தக் கொல்லைக்குக் குயில்கள் வந்துவிடும். மலைப்பக்கம் ஒன்று கூவ, வேம்புக்குள்ளிருந்து இன்னொன்று பதில் கொடுக்கும், அண்ணாந்து தேடினால் இலைகளுக்கு நடுவே சிவந்த கண் மட்டும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். அப்பா இறந்த வருஷம், வைகாசி முழுக்க, அம்மா மதில்மேல் சோறு வைத்துக் கா கா என்று கூப்பிடுவாள். ஒரே ஒரு காக்கைதான் வரும், அப்பாவைப் போலவே இடது காலைச் சாய்த்து நிற்கும். ஒரு பருக்கைகூடத் தின்னாது; அலகு நிறையக் கவ்விக்கொண்டுபோய், கிளையில் இறக்கை நடுங்கக் கத்திக்கொண்டிருக்கும் குயில்குஞ்சின் சிவந்த வாய்க்குள் திணிக்கும்.

"எங்க அண்ணனுக்கு இந்தப் புத்தி இன்னும் போகல, பாத்தீங்களா அண்ணி," என்றாள் அத்தை.

இரண்டு பேரும் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் அப்பாவுக்குப் பிறந்தவள் இல்லை என்பது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

இன்று கஃபே மதிலில் ஒரு காக்கை இடது காலைச் சாய்த்து நின்றது. இட்லியைப் பிட்டு மேஜை ஓரத்தில் வைத்தேன். வந்து கவ்வியது, விழுங்கவில்லை; என் முகத்தையே பார்த்தபடி, ஒவ்வொரு எட்டாக என் பக்கம் வந்தது.

என் வாய் தானாகத் திறந்துகொண்டது.