பிடுங்கிப் பார்த்த கத்தரிச் செடிகள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் செய்யும் கம்பெனியில் தரம் பார்ப்பது என் வேலை. பெட்டிக்கு ஒன்றை எடுத்து, இயந்திரத்தில் மாட்டி, அறுந்து போகும்வரை இழுப்போம். அறுந்த பிறகுதான் அது எவ்வளவு உறுதி என்று தெரியும். வருடக்கணக்கில் இதையே செய்தவளிடம் போய், சும்மா நம்பு என்றால் எப்படி?

அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் எங்களுக்கு மிச்சமிருக்கும் துண்டு நிலத்தில் அண்ணி கத்தரி போடுகிறாள். போன இரண்டு தடவையும் வாடல் நோய் வந்து, காய்க்கிற நேரத்தில் செடிகள் தலை தொங்கிச் செத்தன. இன்னொரு தடவை போனால் நிலத்தை லாரி நிறுத்த வாடகைக்கு விடப்போவதாக அண்ணன் சொல்லிவிட்டார். அண்ணி மறுபடியும் நாற்றங்காலுக்கு மண் கொத்தப் போய்விட்டாள். அதுதான் என்னைப் படுத்தியது.

வாடலைத் தடுக்கும் என்று வேர்ப் பூஞ்சை வாங்கி வந்து நாற்றங்கால் மண்ணில் கலந்தது நான்தான்.

"நோயும் பூஞ்சணம், மருந்தும் பூஞ்சணமா?" என்றாள் அண்ணி.

படித்ததைச் சொன்னேன். அது வேருக்குள் குடியேறும்போது, யாரோ நுழைகிறார்கள் என்று செடி உஷாராகும். பிறகு இரண்டும் ஒத்துப்போனாலும் அந்த உஷார் முழுசாகப் போகாது. நிஜ நோய் வந்தால் சீக்கிரம் எதிர்த்து நிற்கும். எல்லா நேரமும் இது பலிக்காது என்றும் படித்திருந்தேன். அதை மட்டும் சொல்லவில்லை.

நட்ட நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஷிப்ட் முடிந்ததும் வண்டியை நேராக ஏரிப் பக்கம் விடுவேன். ஒரு செடியைப் பிடுங்கி, வேரைக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். வெறும் வேர். சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால்தான் அந்தப் பூஞ்சை தெரியும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் மறுநாள் இன்னொன்றைப் பிடுங்கினேன். திரும்ப நட்டவை பிழைக்கவில்லை.

பூ விடும் சமயத்தில் பக்கத்து நிலத்தில் வாடல் வந்தது. மதிய வெயிலில் எங்கள் செடிகளும் இலையைத் தொங்கப்போட்டன. மறுநாள் காலையில் நிமிர்ந்துவிட்டன, வரப்போரம் இருந்த சில மட்டும் நிமிரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து வரிசை வரிசையாக நடந்தார். நடுநடுவே செடி இல்லாத இடங்களைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"இவ்ளோ போயிகீது. லாரிக்காரன வரச் சொல்லிடறேன்."

அண்ணி களை பிடுங்குவதை நிறுத்தாமல் சொன்னாள்.

"நோயில போனது வரப்பாண்ட மட்டும்தான். மீதி உங்க தங்கச்சி புடுங்கினது."

"இன்னாத்துக்கு?"

"வேரு நல்லா கீதான்னு பாக்க. தெனம் வருது, ஒண்ண புடுங்குது, கழுவுது, பாத்துகினே நிக்குது."

வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. அண்ணன் மறுபடி நடந்தார், இந்தத் தடவை நிற்கிற செடிகளைப் பார்த்துக்கொண்டு. லாரிப் பேச்சை எடுக்கவில்லை. கிளம்பும்போது என்னிடம் மட்டும், "நாளைலேந்து ஏரிப் பக்கம் வராத, கொரட்டூர் வழியா ஊட்டுக்குப் போ" என்றார்.

அவர் போன பிறகு அண்ணியிடம் கேட்டேன், பார்த்துக்கொண்டே ஏன் தடுக்கவில்லை என்று.

"எனக்கும் தெனம் புடுங்கிப் பாக்கணும்னுதான் இருந்திச்சு" என்றாள். "நீ பாக்கிறியேன்னு உட்டுட்டேன்."

நானும் பக்கத்தில் உட்கார்ந்து களை பிடுங்கினேன்.