நீக்கிய செயலிக்குள் அக்கா

என் அக்கா மும்பை தாராவியில் எங்கள் கிறிஸ்தவக் கோயிலின் கொயருக்கு, பாடகர் குழுவுக்கு, பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள். பகலில் ஒரு ரெடிமேட் பட்டறையில் தைத்து முடித்த சட்டைகளைச் சரிபார்த்துப் பிசிறு வெட்டும் வேலை. வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் கீபோர்டைத் திறந்துவிடுவாள். கொயரில் பாதிப் பேர் தாராவியை விட்டுப் போயிருந்தார்கள். கோவண்டியில் இரண்டு பேர், மான்குர்தில் ஒருவர், நேருளில் ஒரு குடும்பமே இருந்தது. வார நாட்களில் யாராலும் பிராக்டிஸுக்கு வர முடியாது. அதனால் ஒவ்வொரு பாட்டையும் பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ தனியாக, டெனர் தனியாகத் தானே பாடிப் பதிவுசெய்து எல்லாருக்கும் அனுப்பிவிடுவாள். ஆண்கள் பாடும் டெனரைக்கூடத் தொண்டையை இறக்கிப் பாடுவாள். அவள் போனில் எப்போதும் இடம் இருக்காது.

நான் செம்பூரில் ஒரு சிறிய அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே கழித்துப்போட்ட ஒரு லேப்டாப்பைக் கேட்டு வாங்கி, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு அக்காவுக்குக் கொடுத்தேன். அதில் இருந்த ரெக்கார்டர் பழையது, பாதிப் பாட்டில் நின்றுவிடும். புதியதைப் போட வேண்டுமானால் அடியில் இருக்கிற பலவற்றையும் மாற்ற வேண்டும். மாற்றினால் கீபோர்டு வேலை செய்யாமல் போகலாம். அதனால் ரெக்கார்டரை ஃபிளாட்பேக் முறையில் போட்டேன். அந்த முறையில் ஒரு செயலி தனக்கு வேண்டியதையெல்லாம் தன்னோடு கொண்டுவந்து, தனியறை போன்ற ஓர் இடத்துக்குள்ளேயே ஓடும். கம்ப்யூட்டர் பழசாக இருந்தாலும் செயலி புதிதாக இருக்கலாம். அது கெட்டால் அது மட்டும்தான் கெடும். அலுவலகத்தில் இந்தத் தனியறையா, எல்லாச் செயலிக்கும் ஒரே கூடமான பழைய முறையா என்று டீ நேரம் முழுக்கப் பேசுவோம். நான் எப்போதும் தனியறையின் பக்கம்.

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. பாட்டை வெட்டி ஒட்ட இன்னொரு செயலியையும் அதே முறையில் போட்டுக் கொடுத்திருந்தேன். பழைய பாட்டெல்லாம் வெளியே மாட்டுகிற ஹார்ட் டிஸ்கில் இருந்தது. செயலிக்கு அந்த டிஸ்க் கண்ணிலேயே படவில்லை.

“ஏலே, டிஸ்க் மாட்டித்தான இருக்கு? லைட் எரியுது. இது ஒண்ணுமே இல்லங்குது.”

“அதுக்கு அனுமதி குடுக்கல அக்கா. பாதுகாப்புக்குத்தான்.”

“என் பாட்டு, என் டிஸ்கு. யாருகிட்ட இருந்துல பாதுகாப்பு?”

முதலில் ஒரே ஒரு ஃபோல்டரைத் திறந்துவிட்டேன். ஒவ்வொன்றையும் அதற்குள் காப்பி செய்து மாளவில்லை என்றாள். கடைசியில் எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்தேன். பூட்டைப் போட்டுச் சாவியையும் அதிலேயே விட்டுவைத்த மாதிரிதான். இரண்டு செயலிகளும் அவற்றோடு வந்த சுமைகளுமாக லேப்டாப்பின் சின்ன டிஸ்கில் கால்வாசியை அடைத்துக்கொண்டன. அதற்கும் திட்டினாள். ஆனால் ரெக்கார்டர் ஒருநாளும் நின்றதில்லை. அதை மட்டும் ஒப்புக்கொண்டாள்.

பிறகு அவளுக்கு நுரையீரல் இறுகிப்போகும் நோய் வந்தது. பட்டறைப் பஞ்சுத்தூசி என்று ஒரு டாக்டர் சொன்னார், காரணம் தெரியாது என்று இன்னொருவர் சொன்னார். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வந்தது. இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, போய்விட்டாள்.

அத்தான் லேப்டாப்பைத் தொடவே இல்லை. ஒரு வருஷம் கழித்து அவராகவே, “மாப்ள, கோயில்ல பிள்ளைகளுக்குப் படிப்பு ரூம் ஆரம்பிக்காங்க. இத அங்க குடுத்துருவோம். நீ சுத்தம் பண்ணிக் குடு” என்றார்.

முழுவதும் அழித்துப் புதிதாக லினக்ஸ் போட்டிருக்க வேண்டும். அரை மணி நேர வேலை. அப்படிச் செய்யாமல் ஒரு மெஷினை யாருக்கும் கைமாற்றக் கூடாது என்று அலுவலகத்தில் நானே சொல்லுவேன். அன்று எனக்குக் கை வரவில்லை. பாட்டுகளை டிஸ்கில் எடுத்துக்கொண்டேன், கண்ணுக்குத் தெரிந்த ஃபோல்டர்களைக் காலிசெய்தேன், செயலிகளை ஒவ்வொன்றாக நீக்கினேன். ஆனால் ஃபிளாட்பேக்கில் செயலியை நீக்கினாலும் அது தன் அறையில் சேர்த்துவைத்தது தானாக அழியாது. அழி என்று தனியாகச் சொல்ல வேண்டும். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியோடு, சாதாரணமாகக் கண்ணில் படாத ஒரு ஃபோல்டரில் அது அப்படியே கிடக்கும். செயலியைத் திரும்பப் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நல்ல ஏற்பாடு என்று எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். அன்றைக்கு மறந்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாளும் சொல்லிக்கொள்கிறேன்.

படிப்பு ரூமை நடத்துகிறவர் மாட்டுங்காவில் ரிட்டயரான ஒரு டீச்சர். இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் செய்தார்.

“தம்பி, பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கவே வரல. நான் பாடத்தைப் படிச்சு ரெக்கார்ட் பண்ணிக் குடுக்கலாம்னு நெனச்சு ஒரு ரெக்கார்டர் போட்டேன்.”

“சரி டீச்சர்.”

“நான் இன்னும் ஒண்ணுமே பதியல. திறந்தா நாப்பது அம்பது பதிவு இருக்கு. ஒண்ணப் போட்டுப் பார்த்தேன். ஒரு பொண்ணு மூச்சு வாங்குது தம்பி. நான் மூடிட்டேன்.”

இணையத்தின் செயலிக் கடையில் இருந்த அதே ரெக்கார்டரைத்தான் அவரும் தேடிப் போட்டிருக்கிறார். அது வந்ததும் தன் பழைய அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

நான் போனபோது டீச்சர் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தனியாக இருந்தார். லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, “நான் வெளிய இருக்கேன்” என்று எழுந்துபோனார். ஹெட்போன் மாட்டிக்கொண்டேன்.

முதல் பதிவுகளில் குரல் முழுசாக இருந்தது. வரவர ஒரு வரிக்கு ஒரு தடவை நின்றாள், பிறகு அரை வரிக்கு. பின்னால் மெஷினின் இரைச்சல். பாடுவாள், நிறுத்துவாள், “திரும்ப” என்று தனக்கே சொல்லிக்கொள்வாள். அனுப்பத்தகுந்தது என்று நினைத்ததை மட்டும் அவள் வெளியே எடுத்துவைத்திருக்கிறாள். தேறாததெல்லாம் இங்கே கிடந்தது.

ஒன்று மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. நிறுத்த மறந்திருக்கிறாள். பெரும்பகுதி இரைச்சல்தான். பக்கத்துக் கோலி வீட்டில் டிவி, எங்கோ குக்கர் விசில், அத்தான் செருப்பைக் கழற்றும் சத்தம். தள்ளித்தள்ளிக் கேட்டுக்கொண்டு போனேன். மாடி வீட்டுக்கு ஏறும் இரும்பு ஏணியில் யாரோ ஏறி வந்தார்கள். கதவைத் தட்டினார்கள்.

அக்காவின் குரல் மைக்குக்குப் பக்கத்தில், ரகசியமாக: “தம்பியாத்தான் இருக்கும். தூங்குறேன்னு சொல்லுங்க.”

கதவு திறந்தது. தூரத்திலிருந்து என் குரல் கேட்டது. “அக்கா எப்படி இருக்கா அத்தான்?”

“இப்பத்தான் கண்ணசந்தா.”

“சரி, எழுப்ப வேண்டாம். பழம் வாங்கிட்டு வந்தேன்.”

ஏணியில் நான் இறங்கிப் போகிற சத்தத்தை நானே கேட்டேன். எனக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. அவள் தூங்குகிறாள் என்ற நிம்மதியோடு சயான் ஸ்டேஷன் வரை நடந்து போனேன். ஒலி அலைக் கோடு திரையில் சின்னச் சின்னதாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“போயிட்டானா?”

“போயிட்டான்.”

“சாப்பிட்டானான்னு கேட்டீயளா?”

“கேக்கல.”

வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் மெல்ல ஆல்டோவை முனக ஆரம்பித்தாள்.

டீச்சர் உள்ளே வந்து ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தார். நான் பதிவுகளைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து லேப்டாப்பை முழுக்க அழித்துப் புதிதாக லினக்ஸ் போட்டேன். ரெக்கார்டரையும் போட்டுக் கொடுத்தேன். திறந்து காட்டினேன், பட்டியல் காலியாக இருந்தது. டீச்சர் தலையாட்டினார். ஆனாலும் அடுத்த சில வாரம் அவர் தன் போனில்தான் பாடம் பதிந்தார் என்று பிறகு தெரிந்தது.

அத்தானிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே வாரத்தில் போனேன். கேட்டதையெல்லாம் சொன்னேன்.

“நாலஞ்சு தடவ அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கேன் மாப்ள. நீ வந்தா உடனே ஆஸ்பத்திரி, ஸ்கேன், இன்னொரு டாக்டர்னு ஆரம்பிப்ப. உனக்குப் பதில் சொல்ல அவளுக்கு மூச்சு கிடையாது. இருந்த மூச்சப் பாட்டுக்கு வச்சுக்கிட்டா.”

“எங்கிட்ட நீங்களாவது சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா நீ வராமலே இருந்திருப்ப. நீ வர்ற சத்தம் அவளுக்கு வேணும்.”

பென் டிரைவை அவர் கையில் கொடுத்தேன். போனில் எப்படிக் கேட்பது என்று கேட்டார், ஏற்றிக் கொடுத்தேன்.

அலுவலகத்தில் இப்போது கைமாறுகிற எந்த மெஷினையும் நான் தொடுவதில்லை, கூட வேலை செய்கிறவரிடம் தள்ளிவிடுகிறேன். தனியறையா, எல்லாம் ஒரே கூடமா என்ற பேச்சு வந்தால் எழுந்து போய்விடுகிறேன். செர்வர் அறைக்குள் ஃபேன் இரைச்சல் கேட்டால் சில நாள் கதவருகே அப்படியே நின்றுவிடுகிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அத்தானைப் பார்க்கப் போனேன். பாதி ஏணியில் இருக்கும்போதே ஆக்சிஜன் மெஷினின் சத்தம் கேட்டது. அந்த மெஷினை வாடகைக்குக் கொடுத்தவர் என்றைக்கோ எடுத்துப்போய்விட்டார். அத்தான் கதவைத் திறந்தார். ஜன்னலில் இருந்த போனில் அந்த இரண்டு மணி நேரப் பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

“இது இல்லாம மத்தியானம் தூக்கம் வரமாட்டேங்குது மாப்ள” என்றார். நிறுத்தவில்லை. டீ போட்டுக்கொண்டு வந்தார். குடித்து முடிக்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.