விமானத்துக்குச் சந்தனப் பொட்டு

மூன்று வருடங்களுக்கு முன், தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், திருச்சி விமான நிலையத்தில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் குடவாசல் பக்கத்துப் பெண். விமானி. பெரிய கம்பெனிகளில் இடம் கிடைக்காததால், சின்ன விமானங்களை உரிமையாளர் சொல்லும் ஊருக்கு ஓட்டிப்போய் ஒப்படைக்கும் வேலைக்கு வந்தேன். "ரெக்கை வச்ச வண்டிக்கு ஆக்டிங் டிரைவர்னு சொல்லு" என்று சித்தப்பா கிண்டல் செய்வார். அன்றைக்குத்தான் நான் தனியாகச் செய்யவிருந்த முதல் வேலை. தஞ்சாவூர் அரிசி ஆலை முதலாளி ஒருவர் பெங்களூரில் இருக்கும் மகனுக்காக வாங்கிய பழைய நாலு சீட்டு விமானத்தை, அந்த மகனிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

காலையில் விமானத்தைச் சுற்றிவந்து, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து முடித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினால், முதலாளியின் மானேஜர் மாலை, எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம் சகிதம் பூஜை போட்டுக்கொண்டிருக்கிறார். கற்பூரம் ஏற்றப்போனவரை, பெட்ரோல் இருக்கும் இடம் என்று தடுத்தேன். அதற்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சம்பா நெல் லாரி லாரியாக ஆலைக்கு வந்துகொண்டிருந்த சமயம். அவருக்குத் திரும்பிப் போகும் அவசரம் வேறு.

மூக்கு, கதவு, இறக்கை என்று பார்த்த இடமெல்லாம் பொட்டு. மாலையையும் பழத்தையும் எடுத்துவிட்டு, "இன்னொரு தடவை சுத்திப் பாத்துடுறேங்க" என்றேன்.

"காலையிலதானே பாத்தீங்க? பத்தரைக்கு ராகு காலம் வந்துடும்மா. பொட்டை வேற அழிச்சு வைக்காதீங்க, அபசகுனம். கெளம்புங்க" என்றார்.

முதல் வேலை. வம்பு பிடித்தவள் என்று பெயர் வாங்கினால் அடுத்த வேலைக்கு யார் கூப்பிடுவார்கள்? ஏறி உட்கார்ந்துவிட்டேன். மடச்சி!

ஓடுதளத்தில் விமானம் வேகமெடுத்தது. வேகம் காட்டும் முள் மட்டும் பூஜ்யத்தை விட்டு நகரவே இல்லை. மேலே எழும்பியிருந்தால் என்ன வேகத்தில் போகிறேன் என்றே தெரிந்திருக்காது. வேகம் குறைந்தால் கல் மாதிரி விழ வேண்டியதுதான். பிரேக்கை மிதித்து நிறுத்தி, திரும்பி வந்தேன்.

இறக்கைக்குக் கீழே விரலளவில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்க்காற்று அதற்குள் புகுந்தால்தான் அந்த முள் நகரும். குழாயின் வாயில் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்திருந்தார் அந்த மனிதர்!

கூப்பிட்டுக் காட்டினேன். ஐயோ என்று ஒரு வார்த்தை வரவேண்டுமே? போனை எடுத்து முதலாளியிடம், "அந்தப் பொண்ணு பயந்துடுச்சுங்கய்யா. நல்லவேளை பூஜை போட்டோம், அதான் ஒண்ணும் ஆகல" என்கிறார். என் காதுபடவே! போனை வாங்கி, நடந்ததை ஒன்றுவிடாமல் நானே சொன்னேன். "சரிம்மா, பாத்துப் போங்க" என்றார் முதலாளி. அவ்வளவுதான் அவருக்கு.

மெக்கானிக்கை வரவழைத்து, குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்யவைத்து, மறுநாள்தான் கிளம்பினேன். அதுவரை மானேஜரை விமானத்தின் பக்கம் அண்ட விடவில்லை.

அவர்மேல் உள்ள ஆத்திரமாவது நாளாக ஆகக் குறைகிறது. யாரோ ஒருவர் முகம் சுளிக்கக்கூடாது என்பதற்காக என் உயிரையே பணயம் வைத்தேனே, அந்த என்மேல் உள்ள ஆத்திரம் மட்டும் ஒவ்வொரு பயணத்திலும் என்னோடு ஏறி உட்காருகிறது. அதை எந்த ஊரிலும் நான் இறக்கிவிடப் போவதில்லை.