இரண்டு கொதிக்குள் அலங்காரம்

கல்யாணத்துக்கு முன்பு நான் தலை பின்ன எடுத்துக்கொண்ட நேரத்தில், கல்யாணத்துக்குப் பின் ஒரு குடும்பத்துக்கே சமைத்து முடித்தேன். ஆனாலும் அழுக்குப் புடவையோடு நாள் முழுக்க வளைய வருவது எனக்குப் பிடிக்காது. அதனால் சொந்தமாக ஒரு வழி கண்டுபிடித்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அறுபதுகளில் நாங்கள் திருப்பாதிரிப்புலியூரில் குடியிருந்தோம். எனக்கு மூன்று பிள்ளைகள், கடைசி கைக்குழந்தை. உலை காயும்போது முகத்தில் மஞ்சள். அரிசி ஒரு கொதி வருவதற்குள் குளியல், மறு கொதிக்குள் புடவை. கொசுவத்தை முந்தைய நாளே மடித்து, மேலே ஓர் ஊக்கு, கீழே ஓர் ஊக்கு குத்திக் கொடியில் தொங்கவிட்டுவிடுவேன். காலையில் அப்படியே செருக வேண்டியதுதான். தலையை இரவே பின்னிக்கொண்டு படுத்துவிட்டால் காலையில் மேலாகச் சீப்பு போட்டால் போதும். கண்ணாடி பார்ப்பதை அடியோடு விட்டுவிட்டேன். என் நெற்றி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா என்ன?

சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை இருப்பதாகத் தெரிந்தது. கல்யாணத்துக்கு முன்பே டீச்சர் பயிற்சி முடித்திருந்தவள் நான். படித்ததெல்லாம் சாம்பாரில் கரைந்து போகிறதே என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். இந்த வேலை எனக்கு வேண்டும், வேண்டவே வேண்டும். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த என் வீட்டுக்காரர் போகாதே என்று சொல்லவில்லை. சிரித்தார், அவ்வளவுதான்.

"காலை வண்டிக்கு நீ கெளம்பறதுக்குள்ள அங்க தேரே நிலைக்கு வந்துடும்."

பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகப் பக்கத்து வீட்டு அக்கா ஒப்புக்கொண்டார். அவர் கணவர் மலேயாவில் கடை வைத்திருந்தார். ஊர் விஷயம் எல்லாம் அக்காவுக்கு அத்துப்படி. "கைப்புள்ள இருக்குன்னு மட்டும் அங்க வாயத் தொறந்துடாதே. முன்னாடி இருந்த டீச்சரு புள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னு லீவு போட்டுப் போட்டே வேலைய விட்டாங்களாம். புள்ளத் தொல்ல இல்லாதவங்களாத்தான் தேடறாங்க."

மூச்சு விடமாட்டேன் என்று அக்காவிடம் தலையாட்டினேன்.

போக வேண்டிய நாளும் வந்தது. இரண்டு கொதிக்குள் எல்லாம் முடிந்தது. தினமும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டுதான் பொட்டு வைப்பேன். எனக்குக் குங்குமம், உடனே மைச் சிமிழில் விரல் விட்டு அவள் கன்னத்தில் பெரிதாக ஒரு திருஷ்டிப் பொட்டு. அன்று குழந்தை அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். மடியில் ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும், என் கைக்குத் தெரியவில்லை. பழக்கத்தில் மையைத் தொட்டது, கிடைத்த கன்னத்தில் வைத்தது. அது என் கன்னம். நான் கவனிக்கவே இல்லை.

வீட்டுக்காரரின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனதால் அவரும் பார்க்கவில்லை. ஸ்டேஷனில் ரயில் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறி, ஜன்னல் வழியாக அவரை வெற்றிப் பார்வை பார்ப்பதற்குள் நகர்ந்துவிட்டது.

பெட்டியில் என்னைப் பார்க்காதவர் இல்லை. காலேஜ் பையன்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். மீன் கூடையோடு இருந்த ஓர் அம்மாள் பரங்கிப்பேட்டை வரை சிரித்துக்கொண்டே வந்தார். எல்லாம் என் கொசுவத்தின் அழகு என்று நினைத்து, ஒரு மடிப்பும் கலையாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

தலைமை ஆசிரியை வெள்ளிக் கம்பிக் கண்ணாடி போட்டிருந்தார். பின்னக் கணக்கு எப்படி நடத்துவேன் என்று கேட்டார். நன்றாகவே சொன்னேன். அவர் பார்வை மட்டும் என் முகத்தை விட்டு நகரவில்லை.

"கொழந்தைக்கு எத்தன மாசம் ஆவுது?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்தக் கொழந்தைங்க?"

அவர் தன் கன்னத்தை விரலால் தொட்டுக் காட்டினார். நானும் என் கன்னத்தைத் தொட்டேன். விரல் கறுப்பாக வந்தது. வேலை போயிற்று என்று தெரிந்ததும் அழுகைதான் வந்திருக்க வேண்டும். வந்ததோ சிரிப்பு. மீன்காரம்மாள் நினைவுக்கு வரவே, அடக்க முடியவில்லை. சிரித்தபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: உலை, கொதி, கொசுவத்து ஊக்கு, மை, கண்ணாடி பார்க்காத வீறாப்பு, பத்து மாதக் குழந்தை.

"அந்த ஊக்கு விஷயத்த இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார். சொன்னேன். எழுந்து நின்று தன் கொசுவத்தைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார். அவரும் சிரிக்க ஆரம்பிக்க, பியூன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "நான் இங்க சேந்தப்ப என் சின்னவளுக்கு அஞ்சு மாசம். கேட்டாங்க, இல்லன்னுட்டேன். ஒரு வருஷம் அவளப் பத்தி இங்க யாருகிட்டயும் பேசல."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"திங்கக்கெழம வந்துடுங்க. பகல்ல கொழந்தைக்குப் பாலுக்கு என்ன ஏற்பாடு?"

வழி நெடுகப் பொய்யாக எத்தனையோ பதில் தயார் செய்து வைத்திருந்தேன். இப்படி ஒருவர் கேட்பார் என்று நினைக்கவே இல்லை. அப்போதுதான் அழுகை வந்தது.