டாங்கைக் கழுவவில்லை

ஆள் கூட்டி வேலை பிரிக்கிற காலைப் பெரட்டில் நான் இருந்தேன். என் நாத்தனார் இருந்தாள். மருந்தடிக்கிற ஆண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். எங்களை வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை இருந்தார். டவுனிலிருந்து வந்த ஆபிசர் இருந்தார். மற்றக் கொழுந்துக்காரப் பெண்கள் சுற்றி நின்றார்கள். தோட்டத்தை நடத்துகிற துரை வரவில்லை. ஆபிசர் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

அவர் ஒரு வெள்ளைக் கேனைத் தூக்கிக் காட்டினார்.

"இது மருந்து இல்லீங்க. கண்ணுக்குத் தெரியாத உசுருங்க. காத்துல இருக்கிற தழைச்சத்தைப் பிடிச்சுத் தேயிலை வேருக்குக் குடுக்கும். யூரியா பாதி போட்டாப் போதும். ஆனா மருந்தடிச்ச டாங்கில ஊத்துனா செத்துரும். நல்லாக் கழுவணும்."

"அப்ப அதுங்களும் வேலையாளுங்கதான்," என்றாள் நாத்தனார். "அதுங்களுக்கும் பேரு போடுவீங்களாய்யா?"

எல்லோரும் சிரித்தோம். பேரு என்றால் ஒரு நாள் சம்பளம். எங்கள் தோட்டத்தில் பதினெட்டு கிலோ கொழுந்து எடுத்தால் முழுப் பேரு. குறைந்தால் அரைப் பேரு.

கேன்கள் எங்கள் மலைக்கு வந்தவை. நாங்கள் கொழுந்து எடுக்கிற மலை. தேயிலைக்குச் சத்து இல்லாவிட்டால் எங்களுக்கு முழுப் பேரு இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

அந்த வாரம் மழை. இலையில் கொப்புளம் வந்தது. ஆண்கள் செம்பு மருந்து அடித்தார்கள். அடித்து முடித்த கையோடு கேன்களை மலைக்கு ஏற்றிவிட்டார் கணக்கப்பிள்ளை. டாங்குகளுக்குள் நீலம் அப்படியே ஒட்டியிருந்தது. தண்ணீர்க் குழாய் கீழே, நாங்கள் குடியிருக்கிற லயத்தடியில்தான் இருக்கிறது.

"கழுவிட்டு வந்துர்றோம்ங்கய்யா," என்றார் மருந்தடிக்கிறவர்களில் ஒருவர்.

"நீங்க இறங்கி ஏற மத்தியானம் ஆயிரும். அதுவும் தேயிலைக்கு, இதுவும் தேயிலைக்கு. ஊத்துங்கப்பா."

நானும் சொன்னேன். "செத்துரும்னு அந்த ஐயா சொன்னாருங்களே."

"நீ கொழுந்தைப் பாரு."

ஊற்றினார்கள். நாத்தனார் மட்டும் வாயை மூடவில்லை. "இத்தனை உசுரு போவுது. சாவுக்குத் தப்படிக்க ஆள் சொல்லலையாய்யா?" என்று சத்தமாகக் கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

யூரியாவை மட்டும் சொன்னபடி பாதியாகக் குறைத்தார்கள். அதில் ஒரு பிசகும் இல்லை.

மூன்றாம் மாதம் மலை வெளுத்துப் போனது. இலை மஞ்சள். துளிர் குட்டையாக நின்றது. கூடை நிறையவில்லை. ஆபிசர் திரும்ப வந்து கேட்டபோது, "நீங்க சொன்ன மாதிரியேதான் ஊத்துனோம் சார்," என்றார் கணக்கப்பிள்ளை. எங்களை யாரும் கேட்கவில்லை. நாங்கள் மேலே தேயிலை நிரையில் நின்றுகொண்டிருந்தோம். இந்த மண்ணுக்கு அது ஒத்துவரவில்லை என்று முடிவு செய்துவிட்டார்களாம். அப்படியும் யூரியா பாதிதான். மிச்சம் பிடித்துவிட்டார்கள், இனி விடுவார்களா?

அதற்கு அடுத்த நாள் பெரட்டில் துரை நின்றார். கணக்கப்பிள்ளை எங்களைப் பார்த்துக் கத்தினார். "மலையில கொழுந்து இருக்கு. உங்க கைதான் ஓடல. கதை பேசத்தானே போறீங்க."

உயிரைக் கொன்றவன் கையைக் குறை சொல்கிறான். துரை முன்னாலேயே சொன்னேன். "கை ஓடுதுங்க. எடுக்கத்தான் ஒண்ணுமில்ல. டாங்கைக் கழுவாம ஊத்துனாருங்க."

துரை கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை மலையைப் பார்த்தார். "வேலைக்குப் போங்க," என்றார் துரை.

அன்றைக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நான் நிரையை விட்டு இறங்கவில்லை. யாரோடும் பேசவில்லை. சாயந்தரம் கணக்கப்பிள்ளையே என் கொழுந்தை நிறுத்தார்.

பதினொரு கிலோ.