டார்லா வேவு பார்க்கப் போன படம்

எங்கள் தேவாலயச் சபையில் எந்தப் படத்தைப் பிள்ளைகள் பார்க்கலாம், எதைப் பார்க்கக்கூடாது என்று தீர்ப்பு சொல்வது டார்லா ஃபென்ஸ்டர்தான். யாரும் அவளை நியமிக்கவில்லை. பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் பரிமாறுகிறவள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் தன் பொறுப்பு என்று அவளுக்கு ஒரு நினைப்பு. நல்லவள்தான். பக்கத்து வீட்டுக்காரி நான் சொல்கிறேன், பனி கொட்டினால் என் வாசலையும் சேர்த்து அள்ளிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். வாய்தான் நிற்காது.

அந்தக் கோடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றி ஒரு சிரிப்புப் படம் வந்தது. எங்கள் ஒஹாயோ மாநிலம் முழுக்க அதே பேச்சு. கெட்ட வார்த்தை கொட்டிக் கிடக்கிறதாம். பதினேழு வயதாகாதவர்களுக்குப் பெரியவர் துணையில்லாமல் டிக்கெட் கிடையாது. மற்ற அம்மாக்கள் முகம் சுளித்தார்கள்.

"நான் போய் உக்காந்து பாக்குறேன். பாத்துட்டு ஞாயித்துக்கிழமை சொல்றேன், அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றாள் டார்லா.

வேவு பார்ப்பது சாக்கு. மகள் டெலேனிக்குப் பதினைந்து வயது. வசந்தகாலத்திலிருந்து அம்மாவிடம் அவள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கேட்டால் ஒரு "ம்", அதற்கு மேல் கேட்டால் அறைக்கதவு சாத்திக்கொள்ளும். வயசுக் கோளாறு, போன் கோளாறு என்று டார்லா தன்னைத் தேற்றிக்கொண்டாள். மகள் ஆசைப்படும் படத்துக்குத் தானே கூட்டிப்போனால் பழையபடி வாய் திறப்பாள் என்று நம்பினாள்.

அன்று தியேட்டரிலும் காரிலும் நடந்ததை டார்லா என்னிடம் சொல்லவே இல்லை. கல்லூரிக்குப் போன பிறகு டெலேனிதான் சொன்னாள், எழுதிக்கொள்ளலாம் என்றும் சொன்னாள்.

டெலேனி, அவள் சிநேகிதி ஜோசி, டார்லா மூவரும் மாலில் இருந்த தியேட்டரில் வரிசையாக உட்கார்ந்தார்கள். படத்தில் ஒரு பையன் ஆசிரியரின் காரில் வாந்தி எடுத்தான். இன்னொருவன் வாயைத் திறந்தாலே கெட்ட வார்த்தை. டார்லா கையைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பெண்களையும் இழுத்துக்கொண்டு வெளியேறலாமா என்றுகூட யோசித்தாளாம்.

அப்போது ஒரு காட்சி. சபை விருந்து நடக்கிறது. கதாநாயகனின் அம்மா உருளைக்கிழங்கு சாலட் தட்டோடு எழுந்து, மகனுக்கு எந்த இடத்தில் அரிப்புப் படை வந்திருக்கிறது என்பதை ஊருக்கே அறிவித்து, எல்லாரையும் கைகோத்து ஜெபிக்கச் சொல்கிறாள். பையன் மேஜைக்கடியில் போய்விடுகிறான். "அன்பாலதானடா சொன்னேன்!" என்று குனிந்து கூப்பிடுகிறாள்.

தியேட்டரே அதிர்ந்தது. டார்லாவும் சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஜோசியும் சிரித்தாள், பாதியில் ஏதோ நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டு டெலேனியைப் பார்த்தாள். டெலேனி சிரிக்கவில்லை. திரையைப் பார்க்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். டெலேனிக்கு அந்த வயதிலும் சில ராத்திரிகளில் படுக்கை நனைந்துவிடும். தோழிகள் வீட்டில் ராத்தங்கக் கூப்பிட்டால் ஏதாவது காரணம் சொல்லித் தப்பிப்பாள். அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். சபைப் பிள்ளைகள் ராத்தங்கும் வசந்தகால முகாமுக்குப் பெயர் கொடுக்க வேண்டிய நேரத்தில், "எங்க பொண்ணுக்காக ஜெபிங்க" என்று டார்லா அதைச் சபையின் ஜெபச் சங்கிலியில் போட்டுவிட்டாள். ஒரு தாய் போட்டால் அது நாற்பது வீட்டுப் போனுக்குப் போய்ச் சேரும். எங்களில் ஒருத்தரும் ஜெபத்தோடு நிறுத்தவில்லை, பேச்சு பிள்ளைகள் காதுக்கும் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜோசியை அவள் வீட்டில் இறக்கிவிட்ட பிறகு கார் வீட்டுப் பக்கம் திரும்பியது.

"அந்தம்மாவைப் பாத்து நீ சிரிச்ச" என்றாள் டெலேனி.

"படம்தானடி. எல்லாரும்தான் சிரிச்சாங்க."

"சபை இளைஞர் கூட்டத்துல என் பையில டயப்பர் வெச்சாங்க. அப்பவும் எல்லாரும்தான் சிரிச்சாங்க."

டார்லா காரை ஓரம்கட்டினாள். "யாரு வெச்சது? எப்ப? ஏன்டி அம்மாகிட்ட சொல்லல?"

"சொன்னா அதையும் ஜெபத்துக்குப் போடுவ."

அன்பால்தான் செய்தேன் என்று சொல்ல வந்தாள். அந்தச் சொல்லுக்குத்தான் சற்று முன்னால் கண்ணீர் வரச் சிரித்திருந்தாள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. காது மடலெல்லாம் சிவக்கக் காரைத் திரும்பக் கிளப்பினாள் என்றாள் டெலேனி.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கீழ்க்கூடத்தில் காப்பியும் டோனட்டும். அங்கே நானும் இருந்தேன். தீர்ப்பைக் கேட்க அம்மாக்கள் டார்லாவைச் சூழ்ந்துகொண்டார்கள். டெலேனி அடுத்த மேஜையில் இருந்தாள்.

"சொல்லு, எவ்ளோ மோசம்?" என்று கேட்டாள் பாதிரியாரின் மனைவி வெர்னா.

"கெட்ட வார்த்தை இருக்கு. வாந்தி இருக்கு."

"இருக்குறதுலயே அசிங்கமானது எது?"

"அந்த அம்மா" என்றாள் டார்லா.

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. வெர்னா குரலைத் தாழ்த்தி, அதாவது கூடத்தில் பாதிப்பேருக்குக் கேட்கும்படி, "நம்ம டெலேனிக்கு அந்தத் தொந்தரவு எப்படி இருக்கு? இன்னும் ஜெபத்துல வெச்சிருக்கோம்" என்றாள்.

டார்லாவின் முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று ஆயின. "அதை எடுத்துடுங்க."

"ஏன், குணமாயிடுச்சா?"

"அது அவ விஷயம், வெர்னா. நான் வெளிய சொல்லியிருக்கவே கூடாது. இப்ப எனக்கே தெரியாது. எங்கிட்ட அவ எதுவும் சொல்றதில்ல. சொல்லாம இருக்குறதுதான் சரி."

சபையில் டார்லா அவ்வளவோடு பேச்சை நிறுத்தியதை அன்றுதான் பார்த்தேன். அவள் கையிலிருந்த காகிதக் கோப்பை சாய்ந்து, காப்பி விரலில் வழிந்தது.

டெலேனி எழுந்து வந்தாள். அம்மாவின் கையிலிருந்து கோப்பையை வாங்கி மேஜையில் வைத்தாள்.

"அம்மா, வீட்டுக்குப் போலாமா?" என்றாள்.

டார்லா தலையை நிமிர்த்தாமலே அவள் பின்னால் போனாள்.