மாவு அலமாரியின் பூட்டு

லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கும் கட்டிடத்தில் லிஃப்ட் ஓடாது. எங்கள் கட்டிடமே அதற்குச் சாட்சி. அவர் மூன்றாம் மாடி, நான் நான்காம் மாடி. இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறுவோம். "நீங்களே ஒரு தட்டு தட்டினா ஓடாதா?" என்று ஒரு நாள் கேட்டேன். "அது வேற கம்பெனி லிஃப்ட்டுங்க. நான் தொட்டா என் வேலை போயிடும்" என்றார். அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

கட்டிடத்தில் எல்லாரும் அவரை லிஃப்ட்காரர் என்றுதான் சொல்வோம். ஆள் ஒல்லி, பேச்சு அதைவிட ஒல்லி. எதையும் இன்னொரு முறை இழுத்துப் பார்க்காமல் நகரமாட்டார். கதவைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பார். கேஸை மூடினால் குனிந்து மோந்து பார்ப்பார். மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. கணவர் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்ட அக்கா ஒருவர் உண்டு. சமையலறை முழுக்க அந்த அக்காவின் ராஜ்யம். மூன்று பேருக்கும் நடுவில் ஒரே பெண், குட்டி.

குட்டிக்குக் கோதுமை ஆகாது. கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற பசைதான் மாவை இழுத்துப் பிடிக்கிறது. அது அவள் குடலைப் புண்ணாக்குகிறது. இதைக் கண்டுபிடிக்கவே வெகுகாலம் பிடித்தது. அதுவரை அந்தக் குழந்தை வயிறு உப்பி, கைகால் குச்சியாகி, வளராமலே நின்றது. ஒரு மருத்துவர் பூச்சி என்றார், இன்னொருவர் பிடிவாதம் என்றார். கடைசியில் ஒருவர் சோதனை எழுதிக்கொடுத்து, "இனிமேல் கோதுமை ஒரு துளிகூட கூடாது" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் குட்டி வளர ஆரம்பித்தாள். இப்போது படியில் என்னை முந்திக்கொண்டு ஓடுகிறாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அக்காவுக்குச் சர்க்கரை. அவருடைய மருத்துவர் ராத்திரிக்குக் கோதுமைதான் சாப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஒரே வீட்டில் ஒருத்திக்குக் கோதுமை மருந்து, இன்னொருத்திக்கு அதுவே விஷம். இரண்டு மருத்துவர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசவிட்டால் நன்றாகத்தான் இருக்கும். யார் உட்காரவைப்பது? அக்காவின் கோதுமை மாவு பால்கனிக்குப் போனது. அங்கே அவருக்குத் தனி அடுப்பு, தனி சட்டி. குட்டியின் அரிசி மாவு, சோள மாவு, மரவள்ளி மாவு, சல்லடை, தட்டு எல்லாம் சமையலறைச் சுவர் அலமாரிக்குள் போயின. லிஃப்ட்காரர் அதற்கு ஒரு சிவப்புப் பூட்டுப் போட்டார்.

அந்தப் பூட்டு அவருடைய தொழிலில் இருந்து வந்தது. லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்கி வேலை பார்ப்பவர், முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, அதன்மேல் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, ஒரு அட்டையும் மாட்டிவிட்டுத்தான் இறங்குவார். "ஆள் உள்ளே இருக்கிறார். சுவிட்சைத் தொடாதே" என்று அட்டையில் இருக்கும். கீழே இறங்கியவரின் பெயர் இருக்கும். சாவி அவருடைய சட்டைப் பையில் இருக்கும். அவர் மேலே ஏறி வந்து தன் கையால் திறக்கும்வரை முதலாளியே வந்து நின்றாலும் அந்தப் பூட்டைத் தொட முடியாது. லிஃப்ட்காரர் அந்த அட்டை ஒன்றையும் சேர்த்தே மாவு அலமாரியில் மாட்டியிருந்தார். பெயர் எழுதும் இடத்தில் அவர் பெயர்.

"மாவு டப்பாவுக்குள்ள எந்த ஆளு இருக்காருங்க?" என்று நான் கிண்டலடித்தேன். அவர் சிரிக்கவில்லை. அக்கா மட்டும் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நல்லா கேளுங்க. நான் பொழங்கற அடுப்பங்கரையில எனக்கே பூட்டு."

குட்டி பிறந்தநாளுக்கு ஒவ்வொரு வருடமும் வகுப்பில் பென்சில்தான் கொடுப்பாள். மற்ற பிள்ளைகள் கேக்கும் சாக்லேட்டும் கொண்டுவரும்போது தன் டப்பாவைத் திறந்து தனியாகச் சாப்பிடுவாள். அதற்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை. இந்த முறை மட்டும் அப்பாவிடம் போய் நின்றாள். "நான் சாப்பிடறதையே எல்லாருக்கும் குடுக்கணும்பா. குக்கீஸ். உடையாம இருக்கணும்" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

உடையாமல் இருப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. பசை இல்லாத மாவு ஒன்றோடு ஒன்று சேர்வேனா என்கிறது. லிஃப்ட்காரர் வேலை முடிந்து வந்ததும் கை கழுவிக்கொண்டு மாவு பிசைய இறங்கிவிடுவார். கோளாறு தேடுகிறவர் பழக்கப்படி ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். இன்றைக்கு முட்டை கூட, நாளைக்கு வெண்ணெய் குறைவு, அடுத்த நாள் மரவள்ளி மாவு இன்னும் ஒரு பிடி. ஓவனிலிருந்து தட்டு வெளியே வந்த அடுத்த நொடி, சூடு ஆறுமுன்னே தகட்டுக் கரண்டியை உள்ளே விட்டுக் கிளப்புவார். அது பொலபொலவென்று உதிரும். சோதனை என்றால் உடனே செய்துபார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. உதிர்ந்ததெல்லாம் கிண்ணத்தில் நான்காம் மாடிக்கு வரும். தூளைத் தின்றே நான் ஒரு சுற்றுப் பெருத்தேன்.

பிறந்தநாளுக்கு முந்தைய சாயங்காலம் பாதி மாவைப் பிசைந்து வைத்திருந்தார். அப்போது போன் வந்தது. எங்கோ ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் நடுவில் நின்று ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு ஓடினார். மனைவி இன்னும் கடையிலிருந்து வரவில்லை. குட்டி கீழே விளையாடப் போயிருந்தாள். வீட்டில் அக்காவும் மாவும் மட்டும்.

அவர் திரும்பி வந்து தட்டை ஓவனில் வைத்தபோது நானும் அங்கே இருந்தேன். மறுநாள் கொடுக்கவேண்டியது, சுவை பார்த்துச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். தட்டு வெளியே வந்தது. கரண்டியை விட்டுக் கிளப்பினார். முழுசாக வந்தது. இன்னொன்றைக் கிளப்பினார். அதுவும் முழுசு. குட்டி கைதட்டிக்கொண்டு குதித்தாள். அப்போதுதான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மனைவி, "அப்பாடா" என்றார். குட்டி ஒன்றை எடுத்து ஊதினாள்.

"வை" என்றார் லிஃப்ட்காரர்.

"ஏன்பா?"

"வைன்னு சொன்னேன்ல."

அவள் வைத்துவிட்டாள். அவர் ஒரு குக்கீயை இரண்டாக உடைத்து, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நான் எதையும் மாத்தல. நேத்து போட்ட அதே அளவு. எப்படிச் சரியாச்சு?" என்று தனக்குள் பேசிக்கொண்டார். தானாகச் சரியான லிஃப்டை அவர் ஓடவிடமாட்டார் என்பது எனக்கு முன்பே தெரியும். பிறகு நிமிர்ந்து, "மாவை யாராவது தொட்டீங்களா?" என்று கேட்டார்.

அக்கா கழுவின டம்ளரையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா."

"ரெண்டு கரண்டி" என்றார் அக்கா, திரும்பாமலே. "ரெண்டே ரெண்டு கரண்டி கோதுமை. சேர்ந்து வரட்டுமேன்னு போட்டேன். நாளைக்குப் புள்ள அத்தனை பேர் முன்னாடி தூளைக் கொண்டுபோய் நிக்கணுமா?"

"துளிகூடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னப்ப நீயும் பக்கத்துலதானே உக்காந்திருந்தே?"

"உக்காந்திருந்தேன். துளிங்கறது ஒரு பேச்சுக்குச் சொல்றதுன்னு நினைச்சேன். விஷத்தையா போட்டேன்?"

"அவளுக்கு அது விஷம்தான் அண்ணி" என்றார் மனைவி. மருந்துக்கடைக் குரல் அது. கோபமே இல்லாமல் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். எத்தனையோ நாள் அந்தக் குழந்தை சுருண்டு கிடந்ததை இந்த அக்கா பக்கத்தில் இருந்து பார்த்தவர். ராத்திரி பகலாக வயிற்றைத் தடவிக்கொடுத்தவரும் அவர்தான். அதனாலேயே கோபம் ஒரு பக்கமாக நிற்கமாட்டேன் என்றது.

லிஃப்ட்காரர் அந்தக் குக்கீஸ் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் கொட்டி என் கையில் கொடுத்தார். மேடையைத் துடைத்தார். தட்டைத் தேய்த்துக் கழுவி அதன்மேல் புது ஃபாயில் விரித்தார். அலமாரியிலிருந்து வேறு பாத்திரம், வேறு கரண்டி, மிச்சமிருந்த மாவு. பிசைந்தார், தட்டினார், ஓவனில் வைத்தார். அத்தனையையும் அக்கா நின்று பார்த்தார். வாயே திறக்காத கோபத்தை எத்தனை நேரம்தான் ஒரு மனுஷி பார்த்துக்கொண்டிருப்பார்? லிஃப்ட்காரர் தட்டை வெளியே எடுத்து ஜன்னல் திண்டில் வைத்துக் கரண்டியைத் தேடும்போது அக்கா வெடித்துவிட்டார்.

"திட்டுடா! திட்டிடு. இப்படி என் கண்ணு முன்னாடியே கழுவிக் கழுவிக் காட்டாதே."

"கழுவாம என்ன செய்யச் சொல்றே?"

"பூட்டைப் போட்டியே, அன்னைக்கே தெரியும்டா எனக்கு. இவ என்னைக்காவது கெடுத்துடுவான்னுதானே போட்டே?"

"இன்னைக்குச் செஞ்சுட்டியே."

"ஆமா, செஞ்சுட்டேன்! பூட்டிப் பூட்டி வச்சா, உள்ள என்ன நடக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு நாளாவது கிட்டக் கூப்பிட்டு, அக்கா இதுல இவ்வளவு போடறேன், இது ஆகும், இது ஆகாதுன்னு சொன்னியா? வேலைக்காரியா நான்? இவளைத் தோள்லயே போட்டு வளர்த்தவ."

"பூட்டு உங்களுக்காகப் போட்டது இல்ல அண்ணி" என்றார் மனைவி.

"அப்ப யாருக்காக? சொல்லு, யாருக்காக?"

அதற்குப் பிறகு பழைய கணக்கெல்லாம் வந்தது. குடும்பம் என்றால் அது வராமல் இருக்காது. யாருடைய கல்யாணத்தில் யார் அழுதது, யார் யாரைக் கேட்காமல் வீடு மாற்றியது. நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு, போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றேன். வாய் சும்மா இருக்காமல் டப்பாவிலிருந்து ஒன்றைத் தின்றும் விட்டேன். கோதுமை போட்டது நன்றாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில் அதைச் சொல்லும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

"அப்பா" என்றாள் குட்டி.

யாரும் திரும்பவில்லை. ஜன்னல் திண்டில் இருந்த தட்டை அத்தனை நேரமும் எல்லாரும் மறந்தே போயிருந்தோம். அது நன்றாக ஆறியிருந்தது.

"அப்பா, உடையல."

அவள் விரல்களுக்கு நடுவில் ஒரு குக்கீ முழுசாக இருந்தது. லிஃப்ட்காரர் வந்து இன்னொன்றைக் கையாலேயே எடுத்தார். வந்தது. லேசாக அழுத்தினார். நின்றது. இத்தனை நாளும் அவர் கொதிக்கக் கொதிக்கக் கிளப்பித்தான் உடைத்திருக்கிறார். இந்த மாவு ஆறினால்தான் இறுகும். அதற்குத் தேவைப்பட்டதெல்லாம் சும்மா விட்டுவைக்கும் கொஞ்ச நேரம். அந்த நேரத்தை எங்களுக்கு வாங்கிக்கொடுத்தது அக்காவின் சண்டை.

குட்டி அதை வாயருகே கொண்டுபோய்விட்டு நிறுத்தினாள். அத்தையைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நானும் பார்த்தேன், அக்காவும் பார்த்தார். அக்காவின் முகம் அப்படியே விழுந்துவிட்டது.

"அதுல நான் ஒண்ணும் போடல குட்டி" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. "தைரியமா சாப்பிடு."

குட்டி அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையாட்டிய பிறகுதான் கடித்தாள்.

மறுநாள் வகுப்பில் எல்லாருக்கும் கொடுத்தாள். ஒரு பையன் மணல் மாதிரி நறநறவென்று இருக்கிறது என்றானாம். சொல்லிவிட்டு இன்னொன்று கேட்டானாம். இதைப் படியில் நின்று என்னிடம் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அதற்கடுத்த வாரம் டப்பாவைத் திருப்பிக் கொடுக்க அங்கே போனேன். மாவு அலமாரியில் அதே சிவப்புப் பூட்டு, அதே அட்டை. அட்டையில் லிஃப்ட்காரரின் பெயர் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. அதன் கீழே, கோணல் மாணலான எழுத்தில், குட்டியின் பெயர். நான் லிஃப்ட்காரரைப் பார்த்தேன்.

"உள்ள இறங்கறவங்க பேருதாங்க எழுதணும். சாவியும் அவங்ககிட்டதான் இருக்கணும்" என்றார். "நான்தான் தப்பா எழுதிட்டேன்." அதற்குமேல் அவரிடமிருந்து ஒரு சொல்லும் வராது என்று தெரிந்ததால் நானும் கேட்கவில்லை.

அக்கா பால்கனியிலிருந்து வந்தார். சுத்தமான வேறு புடவை மாற்றியிருந்தார். அலமாரி முன்னால் நின்று, "குட்டி, சாவியைக் குடு. இன்னைக்கு நான் சுட்டுத் தரேன். அப்பா எப்படின்னு சொல்லிக் குடுத்துட்டாரு" என்றார்.

குட்டி கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியைப் பிடித்துக்கொண்டாள். "கை கழுவினீங்களா அத்தை?"

"கழுவிட்டேன்டி."

"சோப்பு போட்டு?"

"போட்டேன்."

"காட்டுங்க."

இந்த வீட்டில் அக்காவிடம் அப்படிப் பேச லிஃப்ட்காரருக்கே துணிச்சல் கிடையாது. அக்கா ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து, இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டினார். குட்டி ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்தாள், நகக்கண்ணைப் பார்த்தாள், மோந்தும் பார்த்தாள். அவள் பார்த்து முடிக்கும்வரை அக்கா கையை இழுக்கவில்லை.